திருச்செல்வத்தைக் கும்பிட்ட போலீஸ்காரர்

கூலாய்
4 மார்ச் 2024

மதிப்புக்குரிய செல்வராணி அக்காவுக்கு,

கார்ப்பரல் கனகராஜ் எழுதுவது. உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டைத் திறக்காமலே பேசினீர்கள். "இனிமே எதச் சொல்றதா இருந்தாலும் எழுதிக் குடுங்க. வாயால சொன்னத எல்லாரும் மாத்திட்டீங்க" என்றீர்கள். போன் நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்செல்வம் அண்ணனுக்கு இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டதா? தடி இல்லாமல் சந்தைவரை நடக்கிறார் என்று ரெங்கத்தில் இருக்கும் ஒரு நண்பர் சொன்னார். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்று பகுதி ஆட்களையும் ஒன்றாக உட்காரவைத்து இங்கே ஒரு பயிற்சி நடக்கிறது. மனநோய் உள்ளவர் பயந்துபோய், கோபத்தில், கையில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்கும்போது நாங்கள் எப்படிப் போய் நிற்பது, என்ன பேசுவது, என்ன பேசக்கூடாது என்று சொல்லித்தருகிறார்கள். நடத்துகிறவர் ஒரு டாக்டரம்மா, கிளந்தான்காரர். நான் மாணவனாகத்தான் போயிருக்கிறேன். ஒவ்வொருவரும் தாங்கள் போன ஒரு சம்பவத்தை வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டும் என்றார். போன ஆகஸ்டில் கோயில் திருவிழாவில் நடந்ததை நான் சொல்லலாம் என்று இருக்கிறேன். பெயரும் ஊரும் வராது. ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

குடும்பத்தில் யாராவது வந்து பேசினாலும் நல்லது என்றார். நீங்கள் வருவதாக இருந்தால் கார் ஏற்பாடு செய்கிறேன்.

அன்றைக்கு நான் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த முறையில்தான் நடந்துகொண்டேன். எழுதிய தாளையெல்லாம் கசக்கிப் போட்டுவிட்டு இதை அனுப்புகிறேன்.

கனகராஜ்

*

ரெங்கம்
15 மார்ச் 2024

கார்ப்பரல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழித்தால் பயந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள்.

முதல் விஷயம். என்னை அக்கா என்று எழுத வேண்டாம். அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அதற்கப்புறம் அம்மாவோடு ரப்பர் பால்வெட்டப் போய்விட்டேன். என் பேத்தி மலர் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். "பாட்டி, நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணிடுறேன்லா" என்றாள். வேண்டாம் என்றேன். என் கோபத்தை இன்னொருத்தர் கையால் எழுதினால் அது பாதியாகப் போய்விடும்.

நீங்கள் வகுப்பில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். இதெல்லாம் அதில் வருமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன். முப்பது வயது தாண்டியதும் அவன் காதுக்குள் ஒரு குரல் வந்தது. "நீ யாரு? நீ யாரு?" என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். வேலை போனது, கட்டியவள் போனாள். கிளினிக்கில் ஒரு டாக்டர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குரல் வந்தால் ஓடாதே, சண்டை போடாதே, வாய்விட்டுப் பதில் சொல். "நான் திருச்செல்வம். செல்வராணி தம்பி. ரெங்கத்துல இருக்கேன்." வருஷக்கணக்காகப் பழகினான். என் தோசைக் கடையில் சட்டி கழுவும்போது சொல்வான். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் விடமாட்டான்.

போன வருஷம் பால்குடம் எடுக்க விரதம் இருந்தான். விரதம் முடிகிறவரை மாத்திரை வாயில் படக்கூடாது என்று அவனாகவே நிறுத்திவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. திருவிழாவில் உருமி அடிக்க ஆரம்பித்ததும் சட்டையைக் கழற்றி எறிந்தான். தேங்காய் வெட்டும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு சத்தம் போட்டான். பாதிப் பேர் அருள் என்றார்கள். பாதிப் பேர் ஓடினார்கள். யாரோ போலீசுக்குப் போன் அடித்தார்கள். நீங்கள் வந்தீர்கள்.

உங்களோடு வந்த மலாய்க்காரப் பையன் பைசால், "கோப்ரல், இவருக்கு உடம்பு சரியில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்" என்று மலாயில் சொன்னது என் காதில் விழுந்தது. உனக்கு இதெல்லாம் தெரியாது என்று நீங்கள் சொன்னதும் விழுந்தது. பூட்ஸைக் கழற்றினீர்கள். எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னீர்கள். நான் சமையல் கொட்டகையிலிருந்து, அவனுக்கு நோய், எதுவும் கேட்காதீர்கள் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். "அழுதா சாமி கோவிச்சுக்கும், அந்த அம்மாவப் புடிங்க" என்றது நீங்கள்தான். இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடியில் நிற்க, நீங்கள் அவன் முன்னால் கையைக் கூப்பிக் கேட்டீர்கள்.

"வந்திருக்கறது யாரு சாமி?"

இத்தனை வருஷம் அவன் யார் என்று அவனே சொல்லிச் சொல்லிப் பிடித்துவைத்திருந்ததை, போலீஸ் உடுப்புப் போட்ட ஒரு ஆள் வந்து ஒரே கேள்வியில் பிடுங்கிப் போட்டார். அவன் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. பாராங்கைப் போட்டுவிட்டு ரயில் தண்டவாளத்துப் பக்கம் ஓடினான். கான்கிரீட் கால்வாயில் விழுந்தான். மிச்சம் உங்களுக்குத் தெரியும். போலீசைப் பார்த்து ஓடினார் என்று ரிப்போர்ட்டில் எழுதி முடித்துவிட்டீர்கள். பைசால் சொன்னதும் அதில் இல்லை, நான் கத்தியதும் அதில் இல்லை.

என் தம்பி அறை வாசலில் இரும்புக் கிரில் போட்டுவிட்டேன். முகம் மாறினால் பூட்டுவேன். தெளிந்தால் திறப்பேன். இனி போலீசையும் கூப்பிட மாட்டேன், ஆம்புலன்சையும் கூப்பிட மாட்டேன். பூசாரியும் வேண்டாம்.

வகுப்புக்கு வரமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது.

செல்வராணி

*

கூலாய்
22 மார்ச் 2024

மதிப்புக்குரிய செல்வராணி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட பொய் இல்லை. வகுப்பில் நான் சொல்லவில்லை. வேறு ஒரு சம்பவத்தைச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் முனியாண்டிக்குப் பூசை செய்தவர். அருள் வந்தவரை இடுப்பில் துண்டு போட்டு எப்படிப் பிடிப்பது, எப்போது விடுவது, எப்போது திருநீறு வைப்பது எல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட தகராறு என்றாலே, கனகராஜ் போகட்டும், அவனுக்கு அவர்கள் வழக்கம் தெரியும் என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். அன்றைக்கும் அந்தப் பெருமையோடுதான் வண்டியிலிருந்து இறங்கினேன். வந்திருப்பது யார் என்று கேட்பது மரியாதை என்று வளர்ந்தவன் நான். அந்தக் கேள்வியால் ஒரு மனிதருக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே முடியாது. தோன்றியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். பைசாலுக்குத் தோன்றியதே. திருச்செல்வம் அண்ணனுடைய கை நடுங்குவதை அவன் பார்த்திருக்கிறான். நான் கையைப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மாவிடம் பெயர் சொல்லாமல் ஒன்று மட்டும் கேட்டேன். எங்களில் சாமி வந்து ஆடுகிறவரும் உண்டு, நோயில் ஆடுகிறவரும் உண்டு, பார்த்த உடனே எப்படிப் பிரிப்பது என்று. அவர் யோசித்துவிட்டு, அதைப் பிரிப்பது போலீஸ் வேலையே இல்லை என்றார். வீட்டு ஆள் ஒருவர் இது நோய் என்று சொன்னால் அதை எடுத்துக்கொள். மெதுவாகப் போ, குரலைத் தாழ்த்து, கூட்டத்தைத் தள்ளி நிறுத்து. சாமியாகவே இருந்தாலும் அதனால் சாமிக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா, அந்தக் கிரில் விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. பயத்தில் இருக்கிற ஆளைப் பூட்டினால் பயம் ஏறும். உள்ளே அவர் தன்னையே ஏதாவது செய்துகொண்டால் நீங்கள் வெளியில் நின்று என்ன செய்வீர்கள்? ஒரு தீ, ஒரு கரண்ட் கோளாறு வந்தால்? நான் போலீஸ்காரன். ஒருவரைப் பூட்டிவைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்கக்கூடாது. தயவுசெய்து பூட்டை எடுத்துவிடுங்கள்.

கனகராஜ்

*

ரெங்கம்
29 மார்ச் 2024

கார்ப்பரல் அவர்களுக்கு,

மிரட்டல் கடிதம் வந்து சேர்ந்தது.

என் வீட்டில், நான் தோசை விற்ற காசில் போட்ட கிரில். அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று இத்தனை வருஷமாக யார் பார்த்தது? நீங்கள் ஒரு நாள் சாயங்காலம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனீர்கள். இடுப்பு உடைந்தவனை மாதக்கணக்கில் தூக்கி உட்காரவைத்தது நான்.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். அவனை எங்கேயாவது கொண்டுபோய்ப் போடட்டும். அதையும் பார்த்துவிடுகிறேன்.

இனி எழுத வேண்டாம்.

செல்வராணி

*

கூலாய்
8 ஏப்ரல் 2024

செல்வராணி அம்மா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு தடவை மட்டும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அது சரியா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னால் நீங்கள் கதவை இன்னும் இறுக்கிவிடுவீர்கள். சொல்லாமல் இருந்து ஏதாவது நடந்தால் அதுவும் என் தலையில். இரண்டையும் நினைத்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் எங்களை ஒரு காரியம் செய்யவைத்தார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் போலீஸ். நோயாளியாக நிற்கிறவர் காதில் ஒரு கருவியை மாட்டுவார்கள். அதில் குரல்கள் ஓடும். திட்டும், சிரிக்கும், நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அந்த நேரத்தில் எதிரில் நிற்கிற போலீஸ் கேட்கிற கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டுதான் மாட்டினேன். எதிரில் நின்ற தீயணைப்பு ஆள் என் வீட்டு விலாசம் கேட்டான். அம்மா, பல வருஷம் குடியிருக்கிற என் வீட்டு எண் எனக்கு வரவில்லை. அவன் வாய் அசைகிறது, காதில் வேறு யாரோ பேசுகிறார்கள். அவன் சத்தத்தைக் கூட்டினான். கையை என் தோள்மேல் வைத்தான். நான் அவனைத் தள்ளிவிட்டேன். நாற்காலியோடு விழுந்தான். போலீஸ்காரன் நான், பயிற்சி என்று தெரிந்தே நின்றவன் நான், ஒரு ஆளைத் தள்ளிவிட்டேன். கருவியைக் கழற்றின பிறகும் ரொம்ப நேரம் வெளியில் போய் நின்றேன். பைசால்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவனும் இதே வகுப்பில்தான் இருக்கிறான்.

அண்ணனுக்கு இது வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. கழற்றிவைக்கக் கருவி இல்லை. அப்படியும் அவர் சட்டி கழுவுகிறார், பஸ் ஏறுகிறார், தன் பெயரைச் சொல்கிறார்.

பயிற்சி முடிந்ததும் பைசாலை மறுபடி உங்கள் பக்கமே போடுகிறார்கள். அவசரத்துக்கு 999-ஐக் கூப்பிட்டால் எடுத்த உடனே இது நோய் என்று சொல்லுங்கள். அவர் கையில் என்ன இருக்கிறது, எதற்குப் பயப்படுவார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்பதையும் சொல்லுங்கள். சத்தம் இல்லாமல் வரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு வருவார்கள்.

நான் வரமாட்டேன். என் முகத்தை அவர் மறுபடி பார்க்க வேண்டாம்.

கனகராஜ்

*

ரெங்கம்
2 மே 2024

கார்ப்பரல் அவர்களுக்கு,

பதில் எழுதும் எண்ணம் இல்லை. எழுதவைத்தது என் தம்பி.

உங்கள் கடிதங்களை அரிசி டின் மேல் வைத்திருந்தேன். நான் மாவு அரைத்துவிட்டு வருவதற்குள் எடுத்துப் படித்துவிட்டான். அவனுக்கு என்னைவிடப் படிப்பு அதிகம், பாரம் திரி பரீட்சைவரை பள்ளிக்குப் போனவன். எல்லாவற்றையும் படித்து, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். திட்டப்போகிறான் என்று நான் நின்றேன். "இந்த ஆளு தமிழ்ல நல்லாத்தான் எழுதறாரு" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அவனாகப் பேசினான். நான் உங்களிடம் சொன்ன கதையும் அவன் சொன்ன கதையும் ஒன்றாக இல்லை. அதை உங்களுக்கு எழுதாமல் விட்டால் நானும் பேச்சை மாற்றினவள் ஆவேன்.

"அக்கா, அன்னிக்கு அவரு பூட்ஸைக் கழட்டிட்டு என்னக் கும்பிட்டாருல்ல? எனக்கு நல்லா இருந்துச்சு" என்றான். எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் போலீசோ, ஆஸ்பத்திரியோ, சொந்தக்காரனோ ஒருத்தனும் தன் முன்னால் கையைக் கூப்பினதில்லை என்றான். கையைப் பிடிக்கத்தான் வருவார்களாம். நல்லா இருந்துச்சுன்னா ஏன்டா ஓடினே என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுக்கா. அதான் பயந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா ஆமா, நான் சாமிதான்னு சொல்லிருப்பேன். சொல்லிட்டா திரும்பி வர முடியாது."

வெங்காயத்தை முடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

எனக்குத் தூக்கம் இல்லை. அவனை அவமானப்படுத்தினீர்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் அதை ஒரு மரியாதையாக வைத்திருக்கிறான். யாருக்காக நான் சண்டை போடுகிறேன் என்றே புரியவில்லை. ஆனாலும் கால்வாயில் விழுந்தது அவன்தான், கையைப் பிடித்து நிறுத்தப்பட்டது நான்தான். அது மாறாது.

கிரிலைப் பற்றியும் கேட்டேன். போலீஸ்காரர் எடுக்கச் சொல்கிறாரே, நீ என்னடா சொல்கிறாய் என்று. "எனக்குப் பூட்டுனால ஒண்ணும் இல்ல. பூட்டிட்டு நீ வாசல்லயே உக்காந்து அழுவறதான் தாங்க முடியல. என் கொரலும் ஒன் அழுகையும் சேந்து கேட்டா நான் எதுக்குப் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவனுக்கு எப்போதும் இந்தக் கிண்டல் உண்டு.

கிரில் அப்படியே இருக்கிறது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

செல்வராணி

*

கூலாய்
9 மே 2024

செல்வராணி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

கும்பிட்டதுதான் நான் செய்த தப்பு என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் யார் முன்னாலும் கையைக் கூப்பக்கூடாது என்றுகூட முடிவு செய்திருந்தேன். இப்போது என்ன நினைப்பது என்று தெரியவில்லை. அண்ணனிடம் சொல்லுங்கள். என்ன சொல்வது என்று எழுத உட்கார்ந்தால் வரவில்லை. கேட்டதாக மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் பேசவிடாமல் உங்களைப் பிடித்து நிறுத்தச் சொன்னதற்கு, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் கேட்க வேண்டியது வேறு, உங்களிடம் கேட்க வேண்டியது வேறு என்று இப்போதுதான் புரிகிறது.

பயிற்சி இந்த வாரம் முடிகிறது. அடுத்த குழுவுக்கு என்னையும் நின்று பேசச் சொல்கிறார்கள். எதைப் பேசுவது என்பது உங்கள் கையில்.

கனகராஜ்

*

ரெங்கம்
20 ஜூலை 2024

கார்ப்பரல் அவர்களுக்கு,

திருச்செல்வம் ஜோகூர் பாருவில் வார்டில் இருக்கிறான். நல்லபடியாக இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கும்போது பதறுவீர்கள்.

ஜூன் கடைசியிலிருந்தே அவனுக்குத் தூக்கம் இல்லை. மாத்திரையால் கை நடுங்குகிறது, தட்டு விழுகிறது என்று குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். இரண்டு வாரத்துக்கு முன்னால் சனிக்கிழமை காலையில் கடைக்குக் கூட்டம். உள்ளே சட்டி விழுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், முகம் மாறியிருந்தது. நான் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், தேங்காய் வெட்டும் பாராங்கோடு அறைக்குள் போய் உள்பக்க மரக்கதவைச் சாத்தி, அலமாரியை இழுத்துக் குறுக்கே போட்டுவிட்டான். நான் கிரில் போட்டது அவன் வெளியே வராமல் இருக்க. இப்போது உள்ளே போக முடியாதவள் நான். சாவியை வைத்துக்கொண்டு அந்த இரும்புக்கு முன்னால் நிற்கிறேன், உள்ளே அவன் சுவரை வெட்டுகிற சத்தம் கேட்கிறது.

தோசை வாங்க வந்தவர்களில் ஒருவர் பூசாரியைக் கூப்பிடலாம் என்றார். இன்னொருவர் கதவை உடைக்கலாம் என்றார். நான் மலரிடம் போனைப் பிடுங்கி 999 அடித்தேன். என் மலாய் சந்தை மலாய்தான். ஆனாலும் தெளிவாகச் சொன்னேன். "அடிக் சாயா சாக்கிட். டியா தாக்குட்." என் தம்பிக்கு நோய். அவன் பயந்திருக்கிறான். பாராங் வைத்திருக்கிறான், யாரையும் வெட்டவில்லை. பட்டப்பெயர் வைத்து விளையாட்டாகக் கூப்பிடுவது பிடிக்காது, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தம் வேண்டாம். எதிர் முனையில் இருந்த பெண் நான் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சைரனை முச்சந்தியிலேயே நிறுத்திவிட்டார்கள். பைசால் வந்தார், ஆம்புலன்சில் ஒரு சீனப் பெண் வந்தாள். கடைக்கு வந்த ஆட்களை எதிர் வீட்டு வேலிக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னார்கள். எனக்குப் பழைய பயம், என்னையும் பிடித்துத் தள்ளுவார்கள் என்று. அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கதவுப் பக்கத்தில் போட்டு, அம்மா, இங்கேயே உட்காருங்கள், உங்கள் குரல் அவருக்குக் கேட்கட்டும் என்றாள்.

பைசால் தரையில் உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னார். நான் உங்களைப் பிடிக்க வரவில்லை அண்ணே, உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வந்திருக்கிறேன் என்றார், மலாயில். சும்மா இருந்தார். மறுபடி ஏதோ பேசினார், பந்தாட்டத்தைப் பற்றி. மறுபடி சும்மா இருந்தார். போலீஸ்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததே இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே சத்தம் கொஞ்சம் குறைந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று பைசால் சொல்லிவிட்டார். பாராங் கதவில் வந்து விழுந்தது. மரம் பிளந்து முனை இந்தப் பக்கம் தெரிந்தது. எல்லோரும் எழுந்து பின்னால் வந்துவிட்டோம். போச்சு, இனி உடைப்பார்கள் என்று நினைத்தேன். பைசாலுக்கு முகமெல்லாம் வேர்வை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்து, "மாஃப், அண்ணே. நான் அவசரப்பட்டுட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டார். அண்ணே என்பது மட்டும் தமிழில்.

அப்புறம்தான் என் தம்பி முதல் தடவையாகப் பேசினான். வெளியே வந்தால் விலங்கு போடுவீர்களா என்று கேட்டான். பொய் சொல்ல மாட்டேன், பாராங் உங்கள் கையில் இருந்தால் போட வேண்டிவரும், கீழே போட்டால் விலங்கை வண்டியிலேயே வைத்துவிடுகிறேன் என்றார். அவன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நெசமா?" என்றான். நான் பைசாலைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த விலங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நெசம்தான்டா, எங்கிட்ட குடுத்துட்டாரு" என்றேன். ஜன்னல் வழியாகப் பாராங் வெளியே விழுந்தது. அலமாரி நகர்ந்தது.

வந்து நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "அந்தக் கும்பிட்ட போலீஸ்காரர் வரலியா?" என்றான். அவர் வரமாட்டாராம், உனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறார் என்றேன். "எனக்கு எது புடிக்கும்னு அவரும் கேக்கல, நீயும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, தானே நடந்து ஆம்புலன்சில் ஏறினான்.

பூட்டை எடுத்துவிட்டேன். கிரிலை அறுக்க வெல்டிங் ஆள் புதன்கிழமை வருகிறான்.

வகுப்பில் சொல்லலாம் என்கிறான். பெயரை மறைக்க வேண்டாமாம். அவன் நல்லா இருந்துச்சு என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். அதை விட்டுவிட்டுச் சொல்வதாக இருந்தால் சொல்லவே வேண்டாம் என்கிறான். நான் கத்தியதைச் சொல்ல வேண்டும் என்பது என் பக்கம்.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ள வேண்டாம். இன்னும் அந்த இடத்துக்கு நான் வரவில்லை. வருவேனா என்றும் தெரியாது. ஆனால் வார்டில் பார்க்கிற நேரம் மத்தியானம். கடையைப் போட்டுவிட்டு என்னால் ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிகிறது. மற்ற நாளெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். இவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று நர்ஸ் சொல்கிறாள்.

உங்களுக்கு லீவு கிடைக்கிற நாளில் நீங்கள் போங்கள். உடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். பேசினால் பேசுங்கள், பேசாவிட்டால் நேரம் முடிகிறவரை உட்கார்ந்திருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். அவனுக்கு உப்புக் கடலை பிடிக்கும், தோல் உரிக்காதது.

செல்வராணி